கறுப்புச் சுவரொட்டிக்கு ஒரு விளக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காட்சித் தொடர்பியல் படிக்கும் நாங்கள், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக் கணக்கு எழுதுபவர் ஒருவர் காணாமல் போவதை வைத்து, நுவார் பாணியில் (இருளும் நிழலும் நிறைந்த குற்றக் கதைப் பாணி) ஒரு கறுப்பு வெள்ளைக் குறும்படம் எடுத்திருக்கிறோம். சுவரொட்டியில் தொப்பியும் நீண்ட கோட்டும் அணிந்த உருவம், சிகரெட் புகை, சன்னல் பட்டைகளின் நிழல் எல்லாம் உண்டு. எங்கள் பேராசிரியரோ, "படம் காசிமேட்டில், போஸ்டர் சிகாகோவிலா?" என்று கேட்டுவிட்டார். எதை மாற்றுவது?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பேராசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1940-களின் அமெரிக்க நகரங்களில் தொப்பியும் கோட்டும் ஆண்களின் அன்றாட உடை. அலுவலகச் சன்னல்களில் பட்டைத் திரை தொங்குவதும் அங்கே வழக்கம். ஜெர்மனியிலிருந்து குடியேறிய இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும் தங்களுடன் கொண்டுவந்த நிழல் ஆட்சியை, அந்த ஊரில் கண்ணெதிரே கிடந்த பொருள்களின் மீது செலுத்தினார்கள், அவ்வளவுதான். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒளி முறையைத்தானே தவிர, அவர்களுடைய துணிமணிகளை அல்ல. தமிழிலேயே இதற்கு முன்னோடி உண்டு. எஸ். பாலச்சந்தர் 1954-இல் இயக்கிய 'அந்த நாள்', ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபரைப் பின்னணியாக்கி, ஒரு பாட்டுகூட இல்லாமல் ஒரு கொலைக் கதையைச் சொன்னது.

உங்கள் கதை நடக்கும் இடத்திலேயே வேண்டிய நிழல்கள் இருக்கின்றன. விடியலுக்கு முன் ஏலம் நடக்கும்போது தலைக்கு மேலே எரியும் விளக்கு கண்குழிகளை இருட்டாக்கி, மூக்கையும் நெற்றியையும் மட்டும் காட்டும். காயப்போட்ட வலையின் நிழல் முகத்தில் விழுந்தால், சன்னல் பட்டை செய்யும் வேலையை அது இன்னும் நன்றாகவே செய்யும். காணாமல் போனவரின் கணக்கு நோட்டு, ஈரத்தில் ஊறிய ஓரங்களோடு, அடுக்கிய மீன் பெட்டிகளின் மேல் திறந்து கிடக்கட்டும். துப்பாக்கியைக் காட்டிலும் அதுவே பார்ப்பவரை அதிகம் தொந்தரவு செய்யும் என்பது என் எண்ணம்.

எதை வைத்தாலும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாணவர் சுவரொட்டிகள் பலவற்றில், படத்தை எப்படியோ எடுத்துவிட்டுக் கணினியில் கறுப்பாக்கும் பழக்கத்தைப் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் இருட்டு வராது, அழுக்குதான் வரும். ஒரே ஒரு டேபிள் லேம்பை முகத்துக்குப் பக்கவாட்டில், சற்று உயரத்தில் வையுங்கள். நம் வீடுகளின் சிறிய அறைகளில் வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பியடித்து மறுகன்னத்தையும் வெளிறச் செய்துவிடும் என்பதால், எதிர்ப்புறம் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுவது அவசியம்.

இன்னொன்று, படத்தின் காணொளியிலிருந்து ஒரு சட்டகத்தை வெட்டியெடுக்காதீர்கள். ஏ3 தாளை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில் அச்சிட 3508-க்கு 4961 பிக்சல், அதாவது ஏறத்தாழ 1.74 கோடிப் புள்ளிகள் தேவை. முழு ஹெச்டி சட்டகத்தில் இருப்பது சுமார் 20 லட்சம்தான். சுவரொட்டிக்கென்று தனியாகப் புகைப்படம் எடுங்கள்.

படம் கறுப்பு வெள்ளை என்பதால் சுவரொட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்தக் காலத்து நுவார் படங்களின் சுவரொட்டிகள் பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளுமாக, பகட்டான வண்ணங்களில் அச்சானவை. ஒரே ஒரு வண்ணத்தைத் தலைப்புக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: தமிழ்த் தலைப்பை ஆங்கில நுவார் எழுத்துகள்போல இடைவெளி விட்டுப் பரப்பினால் அசிங்கமாகிறது. ஏன்?
வாசகர், வியாசர்பாடி

பதில்: ஆங்கிலப் பேரெழுத்துகள் தனித்தனியாக, ஒரே உயரத்தில் நிற்பவை. தமிழில் கொம்பும் காலும் மெய்யைச் சார்ந்தே நிற்க வேண்டும். 'கொலை' என்பதைப் பரப்பினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சொல் சிதறிவிடும். தலைப்புக்குப் பின்னால் கனமான நிழல் கொடுத்தால் 'ண', 'ஞ' போன்றவற்றின் உள்வளைவுகள் அடைபட்டுப்போகும். ஆகவே இடைவெளியை இயல்பாக விட்டு, எழுத்தைப் பெரிதாக்குங்கள். இரண்டு வரித் தலைப்பு என்றால், மேல்வரியின் உகரக் கீற்றும் கீழ்வரியின் புள்ளியும் மோதாதபடி வரிகளைத் தள்ளி வையுங்கள். பலகை எழுதும் ஓவியர் யாராவது உங்கள் பகுதியில் இன்னும் தொழில் செய்தால், தலைப்பை அவரிடம் தூரிகையால் எழுதி வாங்கி ஸ்கேன் செய்வதே என் முதல் தேர்வு.

கேள்வி: திரையில் கன்னங்கரேலென்று தெரிந்த பின்னணி, அச்சில் சாம்பல் பூத்துப்போனது. அச்சகத்தின் தவறா?
வாசகர், பெரம்பூர்

பதில்: பெரும்பாலும் கோப்பின் தவறாகவே இருக்கும். கறுப்பு மையை மட்டும் 100 விழுக்காடு கொடுத்தால், பெரிய பரப்பில் அது வெளிறியே தெரியும். சியான் (நீல மை) 60, மெஜந்தா (இளஞ்சிவப்பு மை) 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று சேர்த்தால் ஆழம் கிடைக்கும்; மொத்தம் 240 விழுக்காடு. 300-ஐத் தாண்டினால் மை காயத் தாமதமாகி அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் அச்சகத்தின் வரம்பை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கலவைப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்தில் கலைஞர் பட்டியல் போடாதீர்கள். நான்கு மைகளும் மயிரிழை விலகினாலே எழுத்து மூடிவிடும். நாற்புறமும் 3 மி.மீ. பிளீட் (தாளை வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) விடவும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ராயபுரம் ரயில் நிலையச் சுவரில் இரவோடு இரவாக ஒட்டலாமா?
வாசகர், வண்ணாரப்பேட்டை

பதில்: கூடாது. அது 1856-இல் திறக்கப்பட்ட பழமையான கட்டடம், அதைப் பாழாக்கக் கூடாது. அதோடு, பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959 முதலே இருக்கிறது. கல்லூரி அறிவிப்புப் பலகையிலும், அனுமதி கேட்டுத் தேநீர்க் கடைகளிலும் ஒட்டுங்கள்.