யார் சாயல் என்று கேட்பார்கள்

மனைவியின் ஊரான சிங்கப்பூருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, அவர் சீனர், தலைச்சன் பிள்ளை வரப்போகிறது. அது தன்னை என்ன இனமாக நினைத்து வளரும், வாடகை எந்தப் பக்கம் குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. வாடகை மாதத்துக்கு மாதம் மாறும், தரகரைக் கேளுங்கள். 1999இல் நான் வீடு தேடியபோது இந்தியருக்குக் கொடுப்பதில்லை என்று போனிலேயே வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் என் மனைவி, அவரும் சீனர், சீனத்தில் பேசித்தான் வீடு கிடைத்தது.

2006இல் மகள் பிறந்தபோது பதிவில் அப்பாவின் இனம்தான். 2011 ஜனவரியிலிருந்து அப்பா, அம்மா இருவர் இனத்தையும் சேர்த்துப் பதியலாம். எது முதலில் என்பதை யோசித்து எழுதுங்கள். பின்னாளில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு இன ஒதுக்கீட்டுக்கு முதலில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள்.

பதிவில் என்ன இருந்தால் என்ன, பார்க்கிறவர்கள் என் மகளை மலாய்ப் பெண் என்றே நினைப்பார்கள். உணவங்காடியில் வான்டன் மீ என்கிற சீன நூடுல்ஸ் கேட்டால், கடைக்கார அம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி 'இது பன்றி, பன்றி' என்பார். ஐந்து வயதில் அது அவளுக்கு வேடிக்கை. பன்னிரண்டில் வரிசையை விட்டே வந்துவிட்டாள்.

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. புதிதாக வந்த ஐடி குடும்பங்களின் தீபாவளி விருந்தில் 'நல்லவேளை, அம்மா நிறம்' என்று அவள் எதிரிலேயே தமிழில் சொன்னார்கள். அவளுக்குப் புரியாதாம்! தமிழ் வகுப்பில் அவள்தான் முதல். சீனப் புத்தாண்டில் மனைவியின் பெரியம்மாவும் 'ரொம்பக் கறுப்பில்லை' என்று சொல்லியே அங் பாவ், அதாவது சிவப்பு உறையில் பணம், கொடுப்பார். அந்த இடத்திலேயே பதில் சொல்லுங்கள், பிள்ளை காதில் விழும்படி. நான் பல வருடம் சிரித்து மழுப்பினேன். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

இப்போது கேட்டால் 'சிண்டியன்' என்பாள், சைனீஸும் இந்தியனும் சேர்ந்தது. சீனத் தோழிகள் நடுவில் இந்தியப் பெண், மன்னார்குடி அப்பத்தாவிடம் சீனப் பேத்தி. குழப்பம் என்று பயப்படாதீர்கள், ஆளுக்குத் தகுந்தாற்போல் மாறுவது சகஜம்.

இரண்டாம் வகுப்பில், அவரவர் இன உடையில் பள்ளிக்குப் போகும் ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்கு என்ன உடுத்துவது என்று அழுதாள். பாவாடை கட்டினால் போபோ வருத்தப்படுவார் என்ற கவலை. அந்தப் போபோ, என் மாமியார், ராத்திரி உட்கார்ந்து பட்டுப் பாவாடைக்கு ஜோடியாகச் சீனக் கழுத்துப்பட்டி வைத்த சட்டை தைத்தார். நாடாவையும் அவரே கோத்தார். மறுநாள் ஆசிரியை 'மலாய் உடையா?' என்று கேட்டாராம்.