அதிபரை நாமே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நம் தென்னாப்பிரிக்காவின் அரசமைப்புச் சட்டம் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதிபர் தேர்தலைச் சுற்றியே இருந்தன. அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். எல்லாக் கடிதத்திலும் ஒரு மனக்குறை தெரிகிறது. அது நியாயமான குறை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பலரும் கேட்கும் மருந்துதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: 2024 மே மாதம் பள்ளி மண்டபத்தில் மணிக்கணக்காக வரிசையில் நின்றேன். மூன்று வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். ஒன்றில்கூட ‘அதிபர்’ என்ற தலைப்பு இல்லை. ஆனால் ராமபோசாவின் படம் இருந்தது. நான் யாருக்குத்தான் வாக்களித்தேன், அம்மா? (சாட்ஸ்வொர்த்)

சீட்டில் ராமபோசாவின் படம் இருந்தது, அவர் ஏஎன்சி (ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ்) கட்சியின் தலைவர் என்பதால். நீங்கள் வாக்களித்தது கட்சிக்கு. அந்த வாக்குகளின் விகிதப்படி நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவையின் 400 இடங்கள் பிரிக்கப்படுகின்றன. முடிவு அறிவித்த 14 நாளுக்குள் பேரவை கூட வேண்டும். அந்த முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை அதிபராகத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்தலை நடத்துபவர் தலைமை நீதிபதி. ஒருவருக்கு மேல் போட்டியிட்டால் ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். வென்றவர் உடனே எம்.பி. பதவியை இழந்துவிடுவார்.

1994 மே 9 அன்று மண்டேலாவை இப்படித்தான், போட்டியே இல்லாமல், தேர்ந்தெடுத்தார்கள். 2024 ஜூன் 14 அன்று ராமபோசாவுக்கு 283 வாக்கு, இஎஃப்எஃப் கட்சித் தலைவர் மலேமாவுக்கு 44. ஏஎன்சியிடம் இருந்ததோ 159 இடங்கள்தான். மற்றக் கட்சிகளோடு உட்கார்ந்து பேசித்தான் அந்த 283 வந்தது.

உங்கள் குறை எங்கே நியாயமாகிறது என்றால், அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில். ஏஎன்சிக்குத் தனிப் பெரும்பான்மை இருந்தவரை, கட்சி மாநாட்டில் ஜெயித்தவரே பெரும்பாலும் நாட்டின் அதிபர். 2017 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கின் நாஸ்ரெக்கில் நடந்த ஏஎன்சி மாநாட்டில் ராமபோசாவுக்கு 2,440 வாக்கு, நிகோசசானா டிலாமினி சூமாவுக்கு 2,261. ஐயாயிரத்துக்கும் குறைவான பேராளர்கள் முடிவு செய்ததைப் பேரவை பிறகு முத்திரை குத்தியது. இதைப் பார்த்து மக்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

கேள்வி: அமெரிக்காவில் மக்களே நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும்போது நமக்கு மட்டும் ஏன் இந்தச் சுற்றுவழி? (ஃபீனிக்ஸ்)

அங்கேயும் சுற்றுவழிதான். மாநிலவாரியாகத் தேர்வாகும் 538 தேர்வாளர்களில் 270 பேர் யார் பக்கமோ அவரே அதிபர். 2000-லும் 2016-லும் நாடு முழுவதும் அதிக வாக்கு வாங்கியவர் தோற்றார். நேரடித் தேர்தலுக்கு உதாரணம் வேண்டுமென்றால் பிரான்ஸ், கென்யா, சாம்பியா, இலங்கை என்று பாருங்கள்.

கேள்வி: 1984 தேர்தலைப் புறக்கணித்தவன் நான். மக்களுக்குப் பதில் ஒரு சபை அதிபரைத் தேர்ந்தெடுக்கிறது என்றாலே எனக்குப் பழைய கசப்பு திரும்ப வருகிறது. இப்போதுள்ளதும் அதன் வேறு வடிவம்தானே? (தொங்காட்)

உங்கள் கசப்பு எனக்குப் புரிகிறது, ஐயா. அன்று நடந்ததை இளையவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிறவெறி அரசின் 1983 அரசமைப்புச் சட்டம் மூன்று அவைகளை உருவாக்கியது. வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. நாட்டின் பெரும்பான்மையான ஆப்பிரிக்கருக்கு எதுவும் இல்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்க 88 பேர் கொண்ட சபை. அதில் வெள்ளையர் 50, கலப்பினத்தவர் 25, இந்தியர் 13. மற்ற இரு பிரிவினரும் ஒன்றாகச் சேர்ந்தாலும் 38தான். அதாவது நம் 13 பேரும் எந்தப் பக்கம் கை தூக்கினாலும் முடிவு மாறாதபடி கணக்குப் போட்டு எழுதிய சட்டம் அது. பி.டபிள்யூ. போத்தா அப்படித்தான் அதிபரானார்.

நம் மக்கள் அதற்கு என்ன பதில் சொன்னார்கள்? நேட்டால் இந்தியக் காங்கிரசும் ஐக்கிய ஜனநாயக முன்னணியும் புறக்கணிப்புக்கு அழைத்தன. 1984 ஆகஸ்டில் இந்தியர் அவைக்கு நடந்த தேர்தலில், பதிவு செய்த வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் போனார். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். உங்களைப் போன்றவர்களின் அந்த மறுப்பை இந்தச் சமூகம் பெருமையோடு நினைக்க வேண்டும்.

ஆனால் அன்றைய அநியாயம் ஒரு சபை தேர்ந்தெடுத்ததில் இல்லை. அந்தச் சபையை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் இருந்தது. இன்றைய பேரவைக்கு வயது வந்த ஒவ்வொரு குடிமகனும் குடிமகளும் சமமான ஒரு வாக்கைப் போடுகிறார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

கேள்வி: நேரடித் தேர்தல் வந்தால் நம்மைப் போன்ற சிறுபான்மையினருக்கு லாபமா, நட்டமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஆசிரியை)

எனக்கு மிக முக்கியமாகப் பட்ட கடிதம் இது.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியரும் ஆசியரும் சேர்ந்து இந்த நாட்டில் 2.7 விழுக்காடு. தமிழர் அதிலும் ஒரு பகுதி. ஒரே ஒரு பதவிக்கு நாடு தழுவிய போட்டி என்றால், பெரிய சமூகத்தின் வாக்கை ஒட்டுமொத்தமாகத் திரட்டியே ஒருவர் ஜெயிக்க முடியும். இலங்கையில் 2019-ல் அதுதான் நடந்தது. கோத்தபய ராஜபக்ச 52.25 விழுக்காடு பெற்று வென்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தும் பலனில்லை. சரி, மறுபக்கமும் உண்டு. 2015-ல் மைத்திரிபால சிறிசேன வென்றதற்கு வடக்கு, கிழக்குத் தமிழ், முஸ்லிம் வாக்குகள் பெரிய காரணம். போட்டி நெருக்கமாக இருந்தால் சிறுபான்மைக்கு மதிப்பு. இல்லாவிட்டால் வேட்பாளர் நம் தெருப்பக்கமே வரத் தேவையில்லை.

இந்த ஆபத்தைக் குறைக்கச் சில நாடுகள் கூடுதல் நிபந்தனை வைத்துள்ளன. கென்யாவில் பாதிக்கு மேல் வாக்கு பெற்றால் மட்டும் போதாது. 47 மாவட்டங்களில் குறைந்தது 24-ல் 25 விழுக்காடாவது வாங்கியிருக்க வேண்டும். நைஜீரியாவிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் அது வட்டாரத்துக்கான பாதுகாப்பு. பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் நமக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

அவையில் கதை வேறு. 2024-ல் நம் குவாசூலு நேட்டால் மாகாணத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மாகாணச் சட்டமன்றத்தின் 80 இடங்களில் முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமாவின் எம்கே கட்சிக்கு 37. ஐஎஃப்பி கட்சியின் தாமி ந்துலி முதல்வரானது 41க்கு 39 என்ற கணக்கில். ஐஎஃப்பி, ஏஎன்சி, டிஏ ஆகிய மூன்று கட்சிகளும் சேர்ந்தே 40தான் வந்தது. 41-ஐக் கொடுத்தது ஒரே ஒரு இடம் வைத்திருந்த என்எஃப்பி கட்சி. மாகாணம் முழுக்க முதல்வர் பதவிக்கு நேரடித் தேர்தல் நடந்திருந்தால் அந்தச் சின்னக் கட்சியை யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள். எண்ணிக்கையில் சிறிய சமூகம் பேரம் பேசக்கூடிய இடம் அவைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் அதிபர் மக்களுக்குப் பயப்படுவார் அல்லவா? (லெனேசியா)

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பயப்படுவார். நடுவில் யாருக்குப் பயப்படுவார்?

இன்றைய சட்டத்தில் 102-ஆம் பிரிவின்படி பேரவையில் 201 பேர் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு வாக்களித்தால் போதும், அதிபரும் அமைச்சரவையும் ராஜினாமா செய்தாக வேண்டும். குற்றம் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. நேரடியாகத் தேர்வான அதிபரை அப்படி எளிதில் இறக்க முடியாது. பெரும்பாலான நாடுகளில் பதவிநீக்க விசாரணை, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு என்று இழுத்துக்கொண்டே போகும். ‘என்னைத் தேர்ந்தெடுத்தது மக்கள், நீங்கள் யார் கேட்க’ என்று அவர் நிமிர்ந்து நிற்பார். அவையும் அதையே திருப்பிச் சொல்லும். இரு பக்கமும் மக்கள் ஆணை இருந்தால் நாடு நடுவில் மாட்டிக்கொள்ளும்.

அந்த 201 ஏன் நமக்குக் கிடைக்கவில்லை என்றுதான் கேட்க வேண்டும். 2017 ஆகஸ்ட் 8 அன்று அப்போதைய அதிபர் ஜேக்கப் சூமா மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 177, எதிர்ப்பு 198, நடுநிலை 9. அன்று எதிர்க்கட்சிகள் அனைத்துக்கும் சேர்த்து 151 இடங்கள்தான். ஆக, ஏஎன்சி உறுப்பினர்களில் குறைந்தது 26 பேராவது தங்கள் தலைவருக்கு எதிராக வாக்களித்திருக்கிறார்கள். பெயர் தெரியாது என்ற தைரியம் அது. கட்சியிலிருந்து நீக்கப்பட்டால் எம்.பி. பதவியும் போய்விடும் என்கிறது 47-ஆம் பிரிவு. தன் இருக்கையே கட்சியின் கையில் இருக்கும்போது எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? 2008-ல் அதிபர் எம்பெக்கியையும் 2018-ல் சூமாவையும் ராஜினாமா செய்ய வைத்தது கட்சித் தலைமைதான், பேரவை அல்ல. எனக்கு மனம் வலிக்கும் இடம் இதுதான்.

கேள்வி: எந்தக் கட்சியிலும் இல்லாதவர் அதிபராக முடியுமா? (வெருலம், முதல்முறை வாக்காளர்)

முடியும், ஆனால் முதலில் பேரவை உறுப்பினராக வேண்டும். 2020 ஜூனில் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் சுயேச்சைகளுக்கே பேரவைத் தேர்தலில் போட்டியிட வழி பிறந்தது. நீங்கள் 2024-ல் வாங்கிய மூன்றாவது சீட்டுக்குக் காரணம் அதுதான். ஆனால் ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் எதையும் மாற்ற வேண்டாம் என்கிறீர்களா? (மெரிபேங்க்)

இல்லவே இல்லை. மாற்ற வேண்டியது, கட்சியே எம்.பி.க்களின் பெயரை முடிவு செய்யும் பட்டியல் முறையை. சாட்ஸ்வொர்த்துக்கோ மெரிபேங்குக்கோ எம்.பி. யார் என்று தெருவில் கேட்டுப் பாருங்கள், யாருக்கும் தெரியாது. அவருக்கும் நம்மிடம் பதில் சொல்லும் கட்டாயம் இல்லை. தேர்தல் முறையை ஆராய்ந்த ஃபான் சைல் ஸ்லாபர்ட் தலைமையிலான குழு 2003-லேயே வழி சொன்னது. நாட்டைப் பல உறுப்பினர் தொகுதிகளாகப் பிரித்து 300 பேரை அங்கிருந்து தேர்ந்தெடுப்பது, மீதி 100 இடங்களை விகிதாசாரம் குலையாமல் நிரப்புவது என்பது அதன் பெரும்பான்மைப் பரிந்துரை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது கிடப்பில் இருக்கிறது.

அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும். பேரவையில் 267 வாக்கு தேவை. தேர்தல் முறையை மாற்றுவதற்கு, விகிதாசாரம் கெடாத வரை, சாதாரணச் சட்டமே போதும். தேர்தல் சட்டத் திருத்தம் எது வந்தாலும் நாடாளுமன்றம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அடுத்த முறை அந்த அறிவிப்பு வரும்போது உங்கள் கோயில் குழுவோ பெற்றோர் சங்கமோ ஒரு பக்கக் கடிதமாவது அனுப்பட்டும். எங்கள் எம்.பி. யார் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுங்கள்.