40 டாலர் கட்டும் முன் இரண்டு நூலகர்களைப் பாருங்கள்

கேள்வி: அரசு உதவி பெறும் கல்லூரியில் பொருளியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேர பிஎச்.டி. செய்கிறேன். ராத்திரி வீட்டில்தான் படிக்க நேரம். எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் 40 டாலர் கேட்கிறது. வழி உண்டா?

பதில்: உண்டு. கார்டை உள்ளே வையுங்கள்.

முதலில் உங்கள் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள்: கல்லூரிகளுக்கு மின்னூல்களும் மின்னிதழ்களும் தரும், காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டத்தில் நம் கல்லூரி இருக்கிறதா? இருந்தால் உங்கள் பெயரிலேயே தனி யூசர் ஐடி கிடைக்கும். வீட்டிலும் வேலை செய்யும். ஒருவேளை அந்த ஐடி எப்போதோ மெயிலில் வந்து ஸ்பாமில் கிடக்கலாம். கல்லூரி மெயிலைத் திறந்தே பார்க்காதவர்கள் நம்மில் நிறைய. மின்னூல்களுக்கு இது நல்ல இடம்.

பலரும் கோட்டை விடுவது அடுத்ததைத்தான். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் இருக்கின்றன. மூன்றாண்டுக்கு மத்திய அரசு ஒதுக்கியது 6,000 கோடி ரூபாய். முதல் கட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு. உங்கள் கல்லூரி அதில் இல்லாவிட்டாலும், நீங்கள் பதிவு செய்திருக்கும் பல்கலைக்கழகம் இருக்கும். அங்கே நீங்கள் பேராசிரியர் அல்ல, ஆய்வு மாணவர். அந்த அடையாள அட்டையோடு பல்கலைக்கழக நூலகரிடம் போய், வளாகத்துக்கு வெளியிலிருந்து இந்த இதழ்களுக்குள் நுழைய உதவும் 'இன்ஃபெட்' கணக்கு கேளுங்கள். கொஞ்சம் நடக்க வைப்பார்கள், விடாதீர்கள்.

அதுவரை ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளம். தலைப்பைத் தேடினால் முடிவுக்குக் கீழே சின்ன எழுத்தில் எத்தனை பதிப்புகள் என்று ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தட்டுங்கள், ஏதாவது ஒன்றின் வலப்பக்கம் பிடிஎஃப் இருக்கலாம். பொருளியல்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம் அதிகம். இதழில் வருவதற்கு முன்பே ஆய்வறிக்கை வரைவாக வெளியிடுவது உங்கள் துறையில் பழைய வழக்கம். ஆனால் வரைவில் உள்ள அட்டவணை, இறுதி வடிவத்தில் மாறியிருக்கலாம். வரைவைப் படித்துவிட்டு இதழின் பக்க எண்ணை மேற்கோளில் போடாதீர்கள், வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

எதிலும் கிடைக்கவில்லையா? கட்டுரை ஆசிரியருக்கே மெயில் போடுங்கள். அரைப் பக்கப் பணிவெல்லாம் வேண்டாம். நீங்கள் யார், எந்தக் கட்டுரை, எதற்கு: மூன்று வரி போதும்.