எழுத்து தெரிகிறது, சொல் வரவில்லை: வாசிக்கத் திணறும் குழந்தைகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன் எழுத்துகளைத் தனித்தனியே சரியாகச் சொல்கிறான். ‘மரம்’ என்று சேர்த்துப் படிக்கச் சொன்னால், படத்தைப் பார்த்து ‘செடி’ என்கிறான்.

பதில்: முதலில் படத்தை மூடுங்கள். அது கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்வரை ஊகிக்கத்தான் செய்வான். ‘ம… ர…’ என்று இழுத்தும் சொல்லித்தர வேண்டாம். ஆங்கில ஒலிப்புப் பாடத்தில் பலன் தரும் இந்த உத்தி தமிழில் காலை வாரிவிடும். இழுத்தால் ம, மா ஆகிவிடுகிறது. கல்–கால், பல்–பால் என்று நமக்கு நீளம் மாறினாலே பொருள் மாறுமே! கூட்டிக்கொண்டே போங்கள்: ம, மர, மரம்.

இன்னொரு சிக்கல் புள்ளி எழுத்து. ‘இம்’ என்றே பழகிய பிள்ளை ‘மரயிம்’ என்றுதான் படிப்பான். உதட்டை மூடி ‘ம்’ ஒலியை மட்டும் காட்டுங்கள். மரம், வயல், கடல், நகம், படம் என்று துணைக்குறி இல்லாத சொற்கள் நாளைக்கு ஐந்து போதும். பத்தில் ஒன்பது தடுமாறாமல் வந்தபிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

கேள்வி: மகள் ‘கொடி’யை ‘கெரடி’ என்கிறாள். கண்ணில் குறையா?

பதில்: ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், ஆனால் காரணம் பெரும்பாலும் எழுத்திலேயே இருக்கிறது. துணைக்காலும் ‘ர’வும் அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கொம்போ க-வுக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி க்-குக்குப் பிறகே வருகிறது. பாவம், கண்ணில் பட்டதை வரிசை தவறாமல் படித்திருக்கிறாள்.

க-வை நீலத்திலும் இருபுறக் குறிகளைச் சிவப்பிலும் எழுதுங்கள். நீலத்தைத் தொட்டு ‘க்’, சிவப்பு இரண்டையும் இரு விரலால் ஒருசேரத் தொட்டு ‘ஒ’, பிறகு ‘கொ’. கற்பிக்கும் வரிசை முக்கியம்: முதலில் கால், அடுத்து இகர ஈகாரக் குறிகள், பிறகு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும், அதன்பின் கொ, கோ. கு, சு, து என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகர ஊகாரங்களுக்குத் தனியாகச் சில வாரம் ஒதுக்குங்கள். ஔகாரத்துக்கு அவசரமே இல்லை. கொடி–கோடி, தொடு–தோடு, கெடு–கேடு என்று இணைகளாகச் சொல்லி எழுதவும் வையுங்கள்.

கேள்வி: ‘தங்கம்’, ‘பகல்’ இரண்டிலும் க-வை ஒரே மாதிரி அழுத்திப் படிக்கிறான்.

பதில்: க, த, ப போன்றவற்றுக்குச் சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி (கடல், பக்கம்), மெல்லின மெய்யை அடுத்து வந்தால் அதிரும் ஒலி (தங்கம், பந்து, பாம்பு), இரு உயிருக்கு நடுவே மென்மை (பகல்). விதியை ஒப்பிக்க வைக்காதீர்கள். அவன் பேச்சில் ஏற்கெனவே உள்ள சொற்களை மூன்று கட்டமாகப் பிரித்து வாசிக்க வைத்தால் போதும். பஸ், பல்பு போன்றவை இதில் அடங்காது. அவற்றைச் சொல்லாகவே நினைவில் வைக்கட்டும்.

கேள்வி: ஆங்கிலமும் சேர்த்தே தொடங்கலாமா?

பதில்: தமிழில் எழுத்துக்கூட்ட வந்தபிறகு தொடங்குங்கள். அங்கே t-க்கு ‘டி’ என்ற எழுத்துப் பெயரும் வேண்டாம், ‘ட’வும் வேண்டாம், ‘ட்’ மட்டும். நம் பிள்ளைகள் மெய்யொலியோடு அகரத்தைச் சேர்த்துவிடுவதால் ‘டேப்’ (tap) என்ற சொல் ‘டஏப’ என்று சிதறும்.