டர்பனில் இந்தியர்களுக்கான தரும மருத்துவமனை யார் பணத்தில் தொடங்கியது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒப்பந்தக் கூலிகளுக்கு இலவச மருத்துவம் அளித்த மருத்துவமனையைக் காந்திதான் நிறுவினாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அதற்குப் பணம் கொடுத்தவர் வணிகர் பார்சி ருஸ்தம்ஜி, பொறுப்பேற்று நடத்தியவர் செயின்ட் எய்டன்ஸ் என்ற கிறித்தவ மிஷனின் தலைவர் டாக்டர் பூத்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள், இடையில் சில ஆண்டுகள் நின்றாலும், கொண்டுவரப்பட்டனர். காந்தி அந்த மருத்துவமனையின் மருந்தகத்தில் சந்தித்த நோயாளிகளில் பெரும்பாலோர் அவர்களைப் போன்ற தமிழரும் தெலுங்கரும் வட இந்தியருமே. வழக்கறிஞர் தொழிலுக்கிடையே தினமும் ஓரிரண்டு மணி நேரம் ஒதுக்கி, நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டறிந்து, அதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லி, அவர் எழுதிய மருந்தைக் கொடுப்பதே காந்தியின் வேலை. சுருக்கமாகச் சொன்னால், கம்பவுண்டர். பெரிய பெயர் நிழலில் கொடையாளியின் பெயர் மங்கிவிட்டது என்பது என் ஆதங்கம்.

பிற்காலத்திலும் இதே வழிதான்: வழக்கறிஞர் ஆர். கே. கான் எழுதிவைத்த சொத்திலிருந்து உருவான அறக்கட்டளையின் முயற்சியால், இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் இந்தியர்கள் குடியேற்றப்பட்ட டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், 1969இல் அவர் பெயரிலேயே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது.