ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எலும்பைக் காக்குமா?

கேள்வி: எனக்கு 61 வயது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் டி ஸ்கோர் மைனஸ் 1.8 என்று வந்திருக்கிறது. வைட்டமின் ஏ, சி, இ அடங்கிய ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையைத் தினமும் போட்டால் எலும்புத் தேய்மானம் நின்றுவிடும் என்கிறார் என் தோழி. போடலாமா?

பதில்: எலும்புக்காக என்றால் வேண்டாம் அம்மா. முதலில், பயப்படாதீர்கள். டி ஸ்கோர் என்பது உங்கள் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண். உங்களுக்கு இருப்பது அடர்த்திக் குறைவு. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால்தான் ஆஸ்டியோபோரோசிஸ் எனும் எலும்புப் பலவீன நோய்.

தோழி சொன்னதில் பாதி சரி. எலும்பில் ஒரு வகை செல்கள் பழையதை அரித்தெடுக்க, இன்னொரு வகை செல்கள் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். வயதாக ஆக உடலில் மிகுந்துவிடும், செல்களைத் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் எனும் மூலக்கூறுகள் அரிக்கும் செல்களைத் தூண்டிவிடும், கட்டும் செல்களைச் சீக்கிரமே சாகடிக்கும். அவற்றை அடக்குபவையே ஆன்டிஆக்ஸிடன்ட்கள். இந்தச் சேதத்துக்குத் தடையாக இருப்பவற்றில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் ஒன்று. மாதவிடாய் நின்ற பிறகு சில ஆண்டுகள் எலும்பு வேகமாகக் கரைவதற்கு அது குறைந்துபோவதே முக்கியக் காரணம்.

அதற்காக மாத்திரையில் தீர்வு தேடக் கூடாது. காய்கறி, பழம் நன்றாகச் சாப்பிடுபவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த உணவில் பொட்டாசியம், வைட்டமின் கே என்று இன்னும் எத்தனையோ சத்துகள் உண்டு. வெறும் மாத்திரை எலும்பு முறிவைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

கெடுதலும் வரலாம், அதுதான் என் கவலை. ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ அளவு மீறினால் எலும்பே பலவீனமாகும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு, அதிக அளவு வைட்டமின் இ ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். வைட்டமின் சி எலும்பில் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்குத் தேவைதான், ஆனால் பெரும்பாலோருக்கு அது உணவிலேயே கிடைத்துவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? உணவில் கிடைப்பதையும் சேர்த்து, கால்சியம் நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வரை போதும். வைட்டமின் டி அளவைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். புரதத்தைக் குறைக்காதீர்கள். நடைப்பயிற்சி மட்டும் போதாது, எடை தூக்கும் பயிற்சியும் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும். இந்த வயதில் பல முறிவுகள் கீழே விழுவதால்தான் வருகின்றன. வீட்டில் யாராவது புகைபிடித்தால் அந்தப் புகையும் உங்கள் எலும்புக்கு ஆகாது.

அப்புறம், டி ஸ்கோரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அடுத்த 10 ஆண்டுகளில் எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்கும் 'ஃப்ராக்ஸ்' கணக்கீட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோரில் யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்திருந்தாலோ, நீங்கள் ஸ்டீராய்டு மருந்து எடுத்திருந்தாலோ அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.