புரொட்டெஸ்ட், ரிவோல்ட், ரிபெலியன்: அரசை எதிர்ப்பதற்கான ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றில்லை. மாற்றிப் போட்டால் வம்பும் வரும்.

நான் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துக்காரன். சில வருடங்களுக்கு முன், அக்கரையில், இலங்கையில் சிறைப்பட்டிருந்த எங்கள் மீனவர்களை மீட்கச் சொல்லி இங்கே வேலைநிறுத்தம் நடந்தது. விசைப்படகுகள் கறுப்புக்கொடியோடு நங்கூரம் போட்டு நின்றன. கடலுக்குப் போக மீன்துறை கொடுக்கும் டோக்கனை வாங்க ஒருவரும் போகவில்லை. டெல்லிக்கு அனுப்பும் மனுவை ஆங்கிலத்தில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'அரசை எதிர்த்துப் போராடுகிறோம்' என்பதற்கு அகராதியைப் பார்த்து 'ரிவோல்ட்' என்று எழுதிவிட்டேன்.

படித்துப் பார்த்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டார். "தம்பி, ரிவோல்ட்டுன்னா 'உன் ஆட்சியையே ஏத்துக்க மாட்டோம்'னு அர்த்தம். நாம அந்த அரசாங்கத்துக்கிட்டத்தானே ஆளை மீட்டுத் தரச் சொல்றோம்? புரொட்டெஸ்ட்னு போடு."

இன்றுவரை எனக்கு அதுதான் அளவுகோல். ஆட்சி இருக்கட்டும், இந்த முடிவுதான் கூடாது என்றால் புரொட்டெஸ்ட். அதையே தெருவுக்கு வராமல் மாற்றுக்கருத்தாகச் சொன்னால் டிஸ்ஸென்ட். மற்ற நீதிபதிகளோடு ஒத்துப்போகாமல் ஒரு நீதிபதி தனியாக எழுதும் தீர்ப்புக்கும் இதே சொல்தான். ஆட்சியே வேண்டாம் என்று எழுந்தால் ரிவோல்ட். அது ஆயுதம் எடுத்துப் பரவினால் ரிபெலியன்.

ஸ்டிரைக் என்ற சொல் கடல்காரர்கள் கொடுத்தது. பாயை இறக்குவதற்கு ஆங்கில மாலுமிகள் சொல்லும் வார்த்தை அது. 1768இல் லண்டன் துறைமுகத்தில் கூலி கேட்டு மாலுமிகள் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். அதிலிருந்துதான் வேலைநிறுத்தத்துக்கு அந்தப் பெயர் வந்தது. இது தெரிந்த நாளில் கரையில் நின்ற எங்கள் படகுகள்தான் கண்முன் வந்தன.

மியூட்டினி என்பது படையிலோ கப்பலிலோ இருப்பவர்கள் மேலதிகாரிக்குக் கீழ்ப்படிய மறுப்பது. 1806 வேலூருக்கு அது பொருந்தும், 1946 கடற்படை மாலுமிகளுக்கும் பொருந்தும். பொதுமக்கள் செய்வதை அப்படிச் சொல்ல முடியாது. 1857ஐ ஆங்கிலேயர்கள் மியூட்டினி என்று எழுதினார்கள்; சிப்பாய்களோடு எத்தனையோ ஊர்ச் சனங்களும் எழுந்ததை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

எனவே சொல்லுக்கு அர்த்தம் பார்த்தால் மட்டும் போதாது, அது யார் வாயிலிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். 1801இல் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்கள் கம்பெனிக்காரனுக்கு 'ரிபெல்'. நம் பக்கத்து மக்களுக்கு அவர்கள் விடுதலைக்காக உயிர் கொடுத்தவர்கள். (தேர்தலில் சொந்தக் கட்சிக்கு எதிராக நிற்கிறவரையும் 'ரிபெல்' என்கிறார்கள். அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.)

அப்புறம், சட்டத்தின் வாயில் இருக்கும் சொற்கள். ட்ரீசன் என்றால் சொந்த நாட்டுக்குத் துரோகம் செய்வது. செடிஷன் என்றால் பேசியோ எழுதியோ அரசின் மேல் வெறுப்பைக் கிளப்பியதாகச் சொல்லும் குற்றச்சாட்டு. 1908இல் வ.உ.சி. மீது பாய்ந்தது அதுதான், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் செடிஷன் என்ற சொல் இல்லை. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பதைக் குற்றமாக்கும் 152ஆம் பிரிவு இருக்கிறது. கோரிக்கை வைக்கிறவர் தன் மனுவில் தானே 'ரிவோல்ட்', 'ரிபெல்' என்று எழுதிக் கொடுக்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

எங்கள் மனுவில் கடைசியில் 'புரொட்டெஸ்ட்' ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது. மீதிப் பக்கம் முழுக்கச் சிறையில் இருந்தவர்களின் பெயர், வயது, படகு எண்.